டீச்சரும் விழிக்காத திரையும்

டீச்சரிடம் போய் "சரியாயிருச்சு" என்று சொன்னால் அவருக்கு முகம் வாடிவிடும். மற்றவர்களுக்குப் புரோகிராமில் பிழை வந்தால் கவலை. அவருக்கு அது தானாகப் போனால் கவலை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்பார்: "போயிருச்சுன்னு சொல்லாதீங்க தம்பி. எங்க போச்சுன்னு சொல்லுங்க."

அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவர் இல்லை. அப்பா, அம்மா, இரண்டு சித்திமார் என்று வீடு முழுக்க மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர்கள். இவர் மட்டும் தப்பித்து இன்ஜினியரிங் படித்தார். ஆனால் முழுதாகத் தப்பவில்லை. வேலைக்கு வந்த புதிதில், ஒருவன் எழுதிய புரோகிராமைப் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்தி, அவன் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கே நான் அவருக்கு டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டேன். முதலாளி முதற்கொண்டு அப்படித்தான் கூப்பிட்டார்.

எங்கள் அலுவலகம் தல்லாகுளத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. கீழே கோர்ட்டுக்கு வந்தவர்கள் நகல் எடுக்க நிற்பார்கள். மேலே நாங்கள், யாருக்கும் விளங்க வைக்க முடியாத ஒரு வேலையைச் செய்துகொண்டிருப்போம். திரைக்குப் படம் வரைந்து கொடுக்கிற சிப் ஒன்று ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. அதற்கு வேலை சொல்லும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். டீச்சர் அதை எழுதுவார், நான் சோதிப்பேன். டிரைவர் வேலை என்று சொன்னால் எங்கள் திருவாதவூரில் எந்த ரூட்டு என்று கேட்டார்கள். அதனால் கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும் சொல்லிக்கொள்வேன்.

அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்துபோன பிறகு பெங்களூரை விட்டு வந்தவன் நான். மதுரையில் எனக்குத் தெரிந்த வேலைக்கு இருந்தது இந்த ஒரு இடம்தான். இது நடந்தால் ராத்திரிக்கு வீட்டுக்குப் போய் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கலாம். இது மூடினால் மறுபடி ரயில் ஏற வேண்டும். முதலாளியை எல்லாரும் அண்ணே என்போம். அவரும் வெளிநாட்டில் இருந்து ஊர்ப் பாசத்தில் வந்தவர். அந்தப் பாசம் எத்தனை நாளைக்கு என்று எனக்கு எப்போதும் ஒரு பயம் இருந்தது.

டீச்சரின் வேலை என்ன என்பதை நான் முழுதாகப் புரிந்துகொண்டது கழிப்பறையில் மாட்டிக்கொண்ட அன்றைக்குத்தான். எங்களுக்குக் கழிப்பறை மொட்டை மாடியில். மாடிப்படியின் உச்சியில் ஒரு இரும்புக் கதவு. சாயங்காலம் வாட்ச்மேன் வந்து அதைப் பூட்டுவார். ஒரு சனிக்கிழமை நான் உள்ளே இருக்கும்போதே பூட்டிவிட்டார். தட்டித் தட்டிக் கை வலித்த பிறகு அண்ணன் வந்து திறந்துவிட்டார். வாட்ச்மேன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். "மேல யாரும் இருக்கீங்களான்னு சத்தமாக் கேட்டேன் சார். ஒரு சத்தமும் இல்ல. கீழ போயி பூட்டை எடுத்துட்டு வந்து பூட்டுனேன்." நான் போகும்போது கதவு திறந்துதான் கிடந்தது என்று நானும் சத்தியம் செய்தேன்.

டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ரெண்டு பேரும் உண்மையத்தான் சொல்றாங்க அண்ணே. அவரு கேட்டதுக்கும் பூட்டுனதுக்கும் நடுவுல இவரு உள்ள போயிருக்காரு. நான் பாக்குற வேலை அம்புட்டும் இதுதான்."

அதுவேதான். கரண்டை மிச்சம் பிடிக்க, வேலை இல்லாதபோது அந்தச் சிப்பைத் தூங்க வைப்பார்கள். யாருக்காவது வேலை இருக்கிறதா என்று ஒரு புரோகிராம் கேட்கும். இல்லை என்று தெரிந்ததும் தூங்க வைக்கப் போகும். அந்தக் கண நேரத்துக்குள் வேறொரு புரோகிராம், சிப் முழித்துத்தான் இருக்கிறது என்று நம்பி வேலையைக் கொண்டுபோய்க் கொட்டும். தூங்குகிறவன் கையில் கொதிக்கிற டம்ளரைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். திரை கறுத்து அப்படியே நின்றுவிடும். எப்போதும் நடக்காது. எப்போதாவது நடக்கும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

"இனிமே ரெண்டு தடவை கேட்டுட்டு, கொஞ்சம் நின்னு பாத்துட்டுப் பூட்டுய்யா" என்று அண்ணன் வாட்ச்மேனிடம் சொன்னார்.

"நின்னா அபூர்வமா நடக்கும். நடக்காம இருக்காது" என்றார் டீச்சர். மறுநாள் முதல் அவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். மாடிக்குப் போகிறவர் பூட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். பூட்டு கீழே கொக்கியில் தொங்கினால்தான் வாட்ச்மேன் பூட்டலாம். தேங்காய் மூடி அளவுக்கு ஒரு பித்தளைப் பூட்டு. படித்த மனிதர்கள் அதைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போவதைப் பார்த்து ஜெராக்ஸ் கடைப் பெண்கள் சிரித்தார்கள். வெளியூரில் இருந்து வந்த ஆடிட்டரிடம் நான் பூட்டைக் கொடுத்தபோது அவர் அதை வாங்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் அதற்குப் பிறகு யாரும் மாட்டிக்கொள்ளவில்லை.

எங்களோடு உசிலம்பட்டிக்காரன் ஒருவன் இருந்தான். நல்ல கெட்டிக்காரன், அவசரக்காரன். ஒரு திரை அடிக்கடி தூங்கி எழாமல் நின்றது. எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க, புரோகிராமின் நடுவில் ஒரு வரியை எழுதி வைத்தான். அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் 'இங்கதான் இருக்கேன்' என்று பதிவேட்டில் ஒரு வரி விழும். வைத்ததும் பிழை காணாமல் போய்விட்டது. எடுத்தான், வந்தது. மறுபடி வைத்தான், போனது. எங்கள் எல்லாருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்துவிட்டு அந்த வரியை அப்படியே விட்டுவிட்டான். பக்கத்தில் 'எடுக்காதே' என்று ஒரு குறிப்பு வேறு. அந்த வரி பதிவேட்டில் விழ ஆகிற கண நேரத் தாமதம்தான் பிழையை மறைத்தது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் விட்டான்.

கொஞ்ச நாளில் ஜெர்மனியில் இருந்து ஒருவர் கேட்டு எழுதினார், எங்கள் மிஷின் ஓயாமல் 'இங்கதான் இருக்கேன்' என்று ஏதோ சொல்கிறதே, இது என்ன பிழை என்று. அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. வாரம் முழுக்க அந்த ஒரு வரிக்குக் கீழே உட்கார்ந்து தோண்டினார். அவர் முறை நேர்மாறானது. ஊரெல்லாம் பிழையைப் போக்க இடையில் ஒரு தாமதத்தைச் செருகும். டீச்சர் பிழையை வரவழைக்கத் தாமதம் செருகுவார். அந்தக் கண நேர இடைவெளியை இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, ஒவ்வொரு தடவையும் தவறாமல் திரை கறுக்கும்படி செய்வார். கேட்ட நேரத்துக்குப் பிழை வந்தால்தான் அவருக்குப் பசிக்கும், டிபன் பாக்ஸைத் திறப்பார்.

வீட்டிலும் அப்படித்தான். அவர் ஸ்கூட்டரில் ஏதோ சத்தம் வந்து, ஒரு நாள் தானாக நின்றுவிட்டது. அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். கூடப் போனவன் நான். அவன் ஓட்டிப் பார்த்துவிட்டு, "சத்தமே இல்லையேம்மா?" என்றான். "அதான் வந்திருக்கேன்" என்றார் டீச்சர். அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, அம்மாவுக்கு வீட்டுல எதுவும் பிரச்சனையா?" என்று கேட்டான். எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது. இப்படி ஒரு ஆளோடு தினமும் வேலை பார்ப்பது எவ்வளவு அலுப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த அலுப்பு ஆஸ்பத்திரி மானிட்டர் வேலையில் உச்சத்துக்குப் போனது. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நாடி, மூச்சு, ஆக்சிஜன் எல்லாம் காட்டுகிற கருவி. யாரும் தொடாமல் இருந்தால் திரை தூங்கும், தொட்டால் முழிக்கும். அலுவலகத்தின் பெரிய வேலை அதுதான். அதை வைத்துத்தான் அண்ணன் கடையைத் திறந்து வைத்திருந்தார் என்று சொல்லலாம். எப்போதாவது ஒரு முறை அந்தத் திரை முழிக்கவில்லை. அலாரம் தனி, அது அடிக்கும். எண்கள்தான் தெரியாது.

கருவி செய்கிற கம்பெனிக்காரர்களே ஒரு வழி சொன்னார்கள். எழுப்புவதற்கு முன்னால் ஒரு சின்னத் தாமதம் வையுங்கள். வைத்தோம். நான் நாள்கணக்காகச் சோதித்தேன். ஒரு தடவைகூடத் திரை நிற்கவில்லை. சந்தோஷமாக டீச்சரிடம் போய் அந்தக் கூடாத வார்த்தையைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். கருவியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு நடந்தார். அழகர் ஆற்றில் இறங்கி முடிந்த வாரம், உச்சி வெயில். காலை வைக்க முடியாத தரையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கருவியை வைத்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சூடு ஏறினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் அறையில் போதுமாக இருந்த தாமதம் அங்கே போதவில்லை. நான் மோர் வாங்கிக்கொண்டு மேலே போனபோது திரை கறுத்து நின்றது. டீச்சர் முகம் சிவந்து, வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது. "இங்க வந்து ஒளிஞ்சிருக்கு தம்பி" என்றார்.

முறையாகச் சரி செய்ய வேண்டுமென்றால் தூங்க வைக்கிற இடம், எழுப்புகிற இடம், வேலை கொடுக்கிற இடம் மூன்றையும் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும். டீச்சருக்கு வழி தெரியும். நாள் வேண்டும். கம்பெனிக்காரர்கள் நாள் தரத் தயாராக இல்லை. ஆஸ்பத்திரியில் ஏசி இருக்கும், உங்கள் ஊர் மொட்டை மாடியில் நோயாளியைப் படுக்க வைக்கப் போவதில்லை என்றார்கள். பிழை தீர்ந்தது என்று டீச்சர் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும், அடுத்த கருவியும் உங்களுக்குத்தான் என்றும் சொன்னார்கள்.

அண்ணன் கெஞ்சினார். "டீச்சர், இம்புட்டுப் பேரு பொழப்பு இருக்கு. ஒரு வரிதானே."

"ஒரு வரிதான் அண்ணே. அது பொய்யா இருக்கு."

டீச்சர் எழுதி அனுப்பினார். பிழை தீரவில்லை, குளிர்ந்த அறையில் ஒளிந்திருக்கிறது, சூட்டில் வருகிறது, இதை இப்படியே வெளியே விடாதீர்கள். எப்படி வரவழைப்பது என்பதையும், தீர்க்க எத்தனை நாள் வேண்டும் என்பதையும் விளக்கமாக எழுதியிருந்தார். அந்த மாதக் கடைசியில் வேலை வேறு ஊருக்குப் போனது. ஆடி பிறப்பதற்குள் அண்ணன் கடையை மூடிவிட்டார்.

மேசைகளை வண்டியில் ஏற்றிய அன்றைக்கு நான் டீச்சரிடம் நேராகவே கேட்டேன். "உங்களுக்கு என்ன கெடைச்சுச்சு? வேற எவனாச்சும் எழுதிக் கொடுப்பான். அவங்க வெளிய விடத்தான் போறாங்க."

"விடுவாங்க."

"பின்ன?"

"நான் தீந்துருச்சுன்னு எழுதிட்டா அதுக்கப்புறம் யாரும் தேட மாட்டாங்க தம்பி. தீரலன்னு எழுதியிருந்தா, என்னைக்காவது ஒருத்தன் எடுத்துப் பாப்பான்."

பதில் நன்றாகத்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பெங்களூருக்குப் போனேன். துணி விற்கிற ஒரு ஆப்பில் கூடையில் போட்ட சட்டை கூடையிலேயே இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊருக்கு வருவேன். அப்பா என்னைப் பார்த்ததும் ஒரு பக்க வாயால் சிரிப்பார், கிளம்பும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். டீச்சர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. சொல்வதில் என்ன வெட்கம்? ரயிலில் மேல் படுக்கையில் கிடந்துகொண்டு அவரை மனதுக்குள் திட்டாத வாரம் இல்லை. அவர் வேறு எங்கும் வேலைக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டபோது, நல்லா வேணும் என்றுகூட நினைத்தேன். அடுத்த நிமிஷம் பாவமாக இருந்தது.

போன கோடையில் அப்பாவுக்கு மறுபடி பக்கவாதம் வந்தது. நான் வந்து சேர்வதற்குள் சொந்தக்காரர்கள் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வரிசையாகக் கட்டில் போட்ட வார்டு. அப்பா கண்ணை மூடிக் கிடந்தார். தலைமாட்டில் ஒரு மானிட்டர் மங்கியிருந்தது. தொட்டேன். இடது மூலையில் ஒரு வெள்ளைக் கோடு துடித்து, பிறகுதான் எண்கள் வந்தன. வெளியே வேறு பெயர் ஒட்டியிருந்தார்கள். ஆனால் அந்தக் கோட்டை எனக்குத் தெரியாதா? ஒரு வருஷம் முழுக்க அது விழிப்பதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மங்கும்போதெல்லாம் தொட்டேன். நர்ஸ், எங்கள் பக்கத்து ஊர்ப் பெண்போல் இருந்தார், அலுத்துப்போய்ச் சொன்னார்: "அண்ணே, நல்லாத்தானே ஓடுது. எதுக்கு அதைப் போட்டு நோண்டிக்கிட்டே இருக்கீங்க?"

வராந்தாவுக்குப் போய் டீச்சருக்குப் போன் செய்தேன். கடை மூடிய பிறகு பேசுவது அதுதான் முதல் தடவை. நலம் விசாரிக்கவில்லை. ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லி, நம்ம திரை இங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவரும் யாருக்கு, என்ன உடம்பு என்று கேட்கவில்லை. "ஏசி ஓடுதா?" என்றார். பிறகு, "வாரேன்" என்றார்.

மத்தியானம் டவுன் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். மெலிந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. முதலில் அப்பாவின் நெற்றியில் கை வைத்து, கண்ணை மூடி ஏதோ ஜெபம் சொன்னார். அப்புறம் நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டார்: "இது எப்பவாச்சும் முழிக்காம நின்னிருக்காம்மா?"

"எப்பவாச்சும் நிக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வந்துரும்."

"கம்பெனிக்குச் சொன்னீங்களா?"

"எதுக்கும்மா? அதான் வந்துருதே."

டீச்சர் பக்கத்து ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். என்னைக்காவது ஒருவன் எடுத்துப் பார்ப்பான் என்று அவர் இத்தனை நாள் வீட்டில் காத்திருந்திருக்கிறார். யாரும் எடுக்கவில்லை. எடுக்க ஒரு காரணமும் யாருக்கும் வரவில்லை. சொல்லிக் காட்ட வேண்டும் என்று வந்த வார்த்தையை விட்டுவிட்டேன். அவ்வளவு களைத்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் லைட்டுக்கும் மிஷினுக்கும்தான், ஏசிக்கு இல்லை. மேற்குப் பார்த்த ஜன்னல் வழியாக வெயில் கட்டில் வரைக்கும் வந்தது. புழுக்கத்தில் வார்டே முனக ஆரம்பித்தது. நர்ஸ் கடைசிக் கட்டிலில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தார். நான் அப்பாவின் திரையைத் தொட்டேன். கோடு துடித்தது, எண்கள் வந்தன. மூச்சு விட்டேன்.

டீச்சர் எங்கள் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டில் பெரியவரின் திரையைத் தொட்டுக்கொண்டு நின்றார். அது கறுப்பாகவே இருந்தது. கோடு இல்லை, எண் இல்லை. அந்தப் பெரியவரின் மகள் சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தாள். நான் நர்ஸைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். "இந்தா வாரேண்ணே" என்ற குரல் மட்டும் வந்தது.

டீச்சர் திரையை விட்டுவிட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்தார். கண் அவர் நெஞ்சின் மேலேயே இருந்தது. ஏறுகிறதா, இறங்குகிறதா என்று உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். நெற்றி வியர்வை கண்ணாடியில் சொட்டியது. துடைக்கவில்லை.

நர்ஸ் ஓடி வந்து, மானிட்டருக்குப் பின்னால் கையை விட்டு நிறுத்திப் போட்டார். திரை வந்தது. எல்லா எண்களும் நன்றாகத்தான் இருந்தன.

"பாத்தீங்களா, வந்துருச்சு. நீங்க கையை விடுங்கம்மா, நான் பாத்துக்கிறேன்."

டீச்சர் தலையை ஆட்டினார். "நீங்க முதல்ல புடிங்க. அப்புறம் நான் விடுறேன்."

இந்த அம்மாவுக்கு என்ன என்பதுபோல் நர்ஸ் என்னைப் பார்த்தார். எனக்கு மொட்டை மாடிப் பூட்டு ஞாபகம் வந்தது. அவர் அலுப்போடு குனிந்து பெரியவரின் மணிக்கட்டில் விரலை வைத்தார். நாடி கிடைத்துவிட்டது என்று அவர் தலையசைத்த பிறகுதான் டீச்சர் கையை எடுத்தார்.